யாலிலிருந்து யேலுக்கு: ஒரு வேல்ஸ் குடும்பப்பெயர் நடந்த வழி

வேல்ஸ் நாட்டுக் குடும்பப்பெயர் ஒன்றின் வேரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ் பக்கம் போவார்கள். போன வேகத்திலேயே திரும்புவார்கள். ஜோன்ஸ் ஒரு குடும்பத்தின் பெயரல்ல. ஜான் என்ற தகப்பனுக்குப் பிறந்த, ஒருவரையொருவர் அறியாத ஆயிரமாயிரம் குடும்பங்களின் மேல் ஒரே சமயத்தில் ஒட்டப்பட்ட சீட்டு அது. அதைப் பின்தொடர்வதும், மதுரையில் இறங்கி ‘முருகன் மகன் வீடு எது?’ என்று விசாரிப்பதும் ஒன்றுதான்.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது யேல். வேல்ஸில் அரிதான வகை இது. தகப்பன் பெயரிலிருந்து வராமல் ஒரு நிலப்பகுதியின் பெயரிலிருந்து வந்தது. எந்த வீட்டில் தொடங்கியது, எந்தத் தலைமுறையில் உறைந்தது, யாரோடு கடல் கடந்தது என்பதையெல்லாம் ஏடுகளைக் கொண்டு சொல்ல முடிகிறது. போகிற வழியில் அது மதராஸில் இருபத்தேழு ஆண்டுகள் தங்கியும் இருக்கிறது.

பெயர் ஆண்வழியாகத்தான் இறங்கியது. ஆனால் அதை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தியது, நான் பார்த்த மட்டில், ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணின் திருமணம். வம்சாவளிப் படங்களில் ஒரு கோட்டின் முனையில் சும்மா நிற்கும் பெயர்கள் அவை. இந்த ஆய்வு அந்த முனைகளிலிருந்து படத்தைப் படிக்கிறது.

தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும்

பழைய வேல்ஸில் நிலையான குடும்பப்பெயர் கிடையாது. ஒருவர் தம் பெயரைச் சொல்லி, ‘ஆப்’ என்ற சொல்லைச் சேர்த்து, தகப்பன் பெயரைச் சொல்வார். ‘ஆப்’ என்றால் மகன். தேவைப்பட்டால் பாட்டன், பூட்டன் வரை சங்கிலி நீளும். பெண்ணுக்கு ‘வெர்க்’, மணமான பிறகும் அவள் தகப்பன் பெயரோடுதான் இருந்தாள். தலைப்பெழுத்தோடு வாழும் தமிழருக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

ஆங்கில நிர்வாகத்துக்கு இது பெரிய தலைவலி. 1536, 1543 ஆண்டுகளின் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தன. நீதிமன்ற மொழி ஆங்கிலம் ஆனது. சங்கிலிப் பெயர்கள் ஒற்றைப் பெயராகச் சுருங்கத் தொடங்கின. நிலவுடைமைக் குடும்பங்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே மாறிவிட்டன. மலைப்பக்கத்துச் சாதாரணக் குடிகள் சிலரிடம் பழைய முறை 19ஆம் நூற்றாண்டு வரை கூட நீடித்தது. எல்லைப்புறக் கவுன்சிலின் தலைவராக இருந்த பிஷப் ரோலண்ட் லீ, ஜூரிகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்டுச் சலித்துப்போய், ‘கடைசிப் பெயரையோ குடியிருக்கும் ஊரின் பெயரையோ வைத்துக்கொள்ளுங்கள்’ என்று உத்தரவிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. மோஸ்டின் என்ற குடும்பப்பெயர் அப்படிப் பிறந்ததாம். கதை கொஞ்சம் மெருகேறியதாக இருக்கலாம். ஆனால் சலிப்பு உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

சுருங்கியபோது நடந்த ஒலி விளையாட்டு சுவையானது. ஆப் ரைஸ், பிரைஸ் ஆயிற்று. ஆப் ஹவெல், பவெல் ஆயிற்று. ஆப் ஹாரி, பாரி. அப் ஓவன், போவன். மகன் என்ற சொல்லின் வால் மட்டும் தகப்பன் பெயரின் தலையில் ஒட்டிக்கொண்டது. ஜோன்ஸ் இன்னும் வேடிக்கை: வேல்ஸில் மிக அதிகமாக வழங்கும் அந்தக் குடும்பப்பெயரின் முதல் எழுத்து வெல்ஷ் மொழியின் மரபான எழுத்து வரிசையிலேயே இல்லை. வேறு சிலருக்குப் பட்டப்பெயர் நிலைத்தது. லாய்ட் என்றால் நரைத்தவர், வின் என்றால் வெளுத்தவர், வான் என்றால் சின்னவர்.

இன்று வெளிநாட்டுக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பத் தகப்பன் பெயரை எழுதிவிட்டு, பிறகு டொரன்டோவில் பேரப்பிள்ளைகள் வரைக்கும் ‘ராமசாமி’ ஆகிவிடும் குடும்பங்களைப் பார்க்கிறோம். ரோலண்ட் லீயின் ஆட்கள் கையில் வைத்திருந்ததும் ஏறத்தாழ அதே கட்டம்தான்.

புனம்

வடகிழக்கு வேல்ஸில், ரெக்ஸம் நகருக்கு மேற்கே சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலம் ஒன்று உண்டு. அதன் பெயர் யால். வெல்ஷ் மொழியில் இச்சொல், காடு திருத்திய வளமான மேட்டுநிலத்தைக் குறிக்கும். நம் பழைய பாடல்களில் தினை விளையும் ‘புனம்’ இதற்கு மிக அருகில் வரும்.

போவிஸ் அரசின் ஒரு சிறு ஆட்சிப்பிரிவாக யால் இருந்தது. 1149இல் குவினெத் அரசர் ஒவைன் இங்கே மண்மேட்டுக் கோட்டை ஒன்றைக் கட்டினார். அந்த மேடு இன்னும் நிற்கிறது. 1201இல் மடோக் ஆப் கிரஃபித் இங்கே ஒரு மடாலயத்தை நிறுவினார். 1282இல் ஆங்கில மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸை வென்றபின், இந்தப் பகுதியும் பக்கத்து நிலமும் ஒன்றாக்கப்பட்டு சர்ரே பிரபு ஜான் டி வாரெனுக்குப் போயின. அதன் ஆங்கிலப் பெயர் ‘புரோம்ஃபீல்டும் யேலும்’. யால், யேல் ஆனது ஆங்கில எழுத்தர்களின் கையில்தான். ஊர்மக்கள் அப்போதும் யால் என்றார்கள். இப்போதும் லானார்மன் அன் யால் என்ற ஊரின் பெயரில் அது அப்படியே இருக்கிறது. ‘அன்’ என்றால் ‘இல்’; யாலில் உள்ள லானார்மன்.

மார்கரெட் கொண்டுவந்த வீடு

யேல் குடும்பம் யாலைச் சேர்ந்ததல்ல. பெயரைத் தேடி வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

குடும்பத்தின் ஆண்வழி மேற்குக் கடற்கரையோரம், மெரியோனெத்தில் இருந்த கோர்ஸ் அ கெதோல் வீட்டிலிருந்து வருகிறது. அதற்கும் முன்னே அவர்கள் சொல்லும் முன்னோர் ஆஸ்பர்ன் விதெல். ‘விதெல்’ என்றால் அயர்லாந்துக்காரன். 13ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்தவர் என்பதும், அங்குள்ள ஃபிட்ஸ்ஜெரால்ட் குலத்தவர் என்பதும் மரபுவழிச் செய்தி. அதை நம்பினால் சுற்று இன்னும் நீள்கிறது: ஃபிட்ஸ்ஜெரால்டுகள் 12ஆம் நூற்றாண்டில் தென்மேற்கு வேல்ஸிலிருந்து அயர்லாந்துக்குப் போனவர்கள், ஒரு நார்மன் கோட்டைத் தலைவனுக்கும் நெஸ்ட் என்ற வெல்ஷ் இளவரசிக்கும் பிறந்த வழி. குலப்பெருமைக்காகச் சொல்லப்படும் முன்னோர்களை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன். ஆனால் ‘சுத்தமான வேல்ஸ் பெயர்’ என்று தேடுகிறவர்களுக்கு இந்தப் பாதியே போதுமான மருந்து.

கோர்ஸ் அ கெதோலின் கிரஃபித் மணந்தது லவ்ரி என்ற பெண்ணை. ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்த ஒவைன் கிளின்டூரின் தம்பி மகள் அவள். தகப்பன் டூடர் 1405இல் போரில் இறந்தான். இவர்கள் மகன் எலிஸ், யாலில் பிரின்எக்லுயிஸ் அருகே இருந்த வீட்டின் வாரிசு மார்கரெட்டை மணந்தான். அந்த வீட்டின் பெயர் பிளாஸ் அன் யால்: யாலில் உள்ள பெரிய வீடு. நிலமும் வீடும் மார்கரெட்டின் சீதனம். ஆக, பிற்காலத்தில் உலகம் சுற்றிய பெயர், மாப்பிள்ளை வீட்டுப் பெயரல்ல, மணப்பெண்ணின் ஊர்.

ஆனாலும் எலிஸின் மகன் யேல் ஆகிவிடவில்லை. அவன் டேவிட் லாய்ட். அடுத்த தலைமுறையில் ஜான் வின் பழைய பாணிப் பெயருக்குப் பின்னால் ‘யேல்’ என்பதையும் சேர்த்துக்கொண்டான். அதே தலைமுறையின் தாமஸ், வெறும் தாமஸ் யேல். இந்த தாமஸ் கேம்பிரிட்ஜில் படித்துச் சட்ட அறிஞராகி, கேன்டர்பரி பேராயர் மாத்யூ பார்க்கரின் சான்சலராக உயர்ந்து, 1577இல் காலமானவர். பெயர் உறைந்த தலைமுறை இதுதான். கேம்பிரிட்ஜ் பதிவேட்டிலும் திருச்சபை நீதிமன்றத்திலும் கையெழுத்திட ஒரு கடைசிப் பெயர் வேண்டும். உள்ளூரில் ‘டேவிட் லாய்ட் மகன்’ என்றால் போதும்; லண்டனில் போதாது. வேறு வார்த்தையில் சொன்னால், ஊரைவிட்டுப் போனவனுக்குத்தான் ஊர்ப்பெயர் தேவைப்பட்டது.

விதவை ஆனின் இரண்டாம் திருமணம்

குடும்பத்தின் ஒரு கிளை ரெக்ஸம் அருகே பிளாஸ் கிரோனோவில் குடியேறியது. அந்தக் கிளையின் தாமஸ் யேல், செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாய்டின் மகள் ஆன் என்பவரை மணந்தார். தாமஸ் 1619இல் இறந்தபோது ஆனுக்கு மூன்று சிறு பிள்ளைகள்: ஆன், டேவிட், தாமஸ். சில ஆண்டுகளில் அவர் தியோஃபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வணிகரை மணந்துகொண்டார்.

யேல் என்ற பெயர் அமெரிக்கா போனதற்கு இந்தத் திருமணம் தவிர வேறு காரணம் இல்லை. ஈட்டன் தீவிரத் தூய்மைவாதக் கிறித்தவர். 1637இல் தம் பால்ய நண்பரான போதகர் ஜான் டேவன்போர்ட்டோடு ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தார். 1638இல் குவினிபியாக் பழங்குடிகளின் நிலத்தில் நியூ ஹேவன் குடியேற்றம் தோன்றியது. ஈட்டன் இறக்கும்வரை அதன் ஆளுநர். மாற்றாந்தகப்பனின் மதப்பிடிப்பால் யேல் பிள்ளைகளும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ஆன் அம்மையார் அடங்கியிருக்கவில்லை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியா என்று கேள்வி எழுப்பினார். கணவர் ஆளுநர் என்பதும் அவரைக் காப்பாற்றவில்லை. சபை விசாரித்து 1645இல் அவரை விலக்கிவைத்தது. மூத்த மகள் ஆன், கனெடிகட் ஆளுநர் எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி, மனநோய்க்கு ஆளானார். அவர் ஓயாமல் படித்தும் எழுதியும் வந்ததால்தான் புத்தி பேதலித்தது என்று மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ரப் அதே 1645இல் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பெண்களுக்குரிய வீட்டு வேலைகளோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பாராம். அவர் எழுதிய புத்தகங்கள் பல என்றும் அதே குறிப்பு சொல்கிறது.

டேவிட் பாஸ்டனுக்குப் போனார். மாசசூசெட்ஸ் ஆட்சியாளர்களின் இறுக்கமான மதக் கட்டுப்பாட்டை எதிர்த்து 1646இல் கொடுக்கப்பட்ட மனுவில் கையெழுத்திட்ட ஏழு பேரில் அவரும் ஒருவர். பலன் கிடைக்கவில்லை. 1650களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பினார். கூடவே, 1649 ஏப்ரல் 5 அன்று பாஸ்டனில் பிறந்த எலிஹூ என்ற சிறுவனும். தமிழ் விவிலியத்தில் யோபுவின் கதையில் ‘எலிகூ’ என்று வருகிறானே, அந்தப் பெயர்தான். எலிஹூ பிறகு அமெரிக்காவை மிதிக்கவே இல்லை.

தம்பி தாமஸ் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டார். பெயர் இங்கே இரண்டாகப் பிரிகிறது. அண்ணன் வழி புகழைக் கொண்டுவந்தது. தம்பி வழி பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளியது.

மதராஸ்

எலிஹூ யேல் கிழக்கிந்தியக் கம்பெனியில் ஆண்டுக்குப் பத்து பவுண்டு சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்து 1672இல் மதராஸ் வந்தார். எட்டு ஆண்டுகளில் அவருடைய நிலைமை மாறியதற்குக் காரணம், மறுபடியும் ஒரு விதவை. கம்பெனியில் உயர் பதவியில் இருந்த ஜோசப் ஹின்மர்ஸ் 1680இல் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று அவர் மனைவி கேத்தரினை எலிஹூ மணந்தார். கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே நடந்த முதல் திருமணம் இது. ஹின்மர்ஸின் சொத்து எலிஹூவின் சொந்த வணிகத்துக்கு முதலாயிற்று. வைர வணிகத்தில் அவர் குவித்த செல்வத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த முதலைச் சொல்லாமல் போவது வழக்கம்.

1687 முதல் 1692 வரை ஆளுநர். மதராஸ் மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது இவர் காலத்தில்தான். அடிமைகளைக் கப்பலேற்றி அனுப்பும் உத்தரவுகள் கவுன்சில் ஏடுகளில் பதிவானதும் இவர் அந்தக் கவுன்சிலில் அமர்ந்திருந்த ஆண்டுகளில்தான். சொந்த வணிகம், சக உறுப்பினர்களோடு சச்சரவு என்று புகார்கள் குவிந்து கடைசியில் பதவி பறிபோனது. அந்த இடத்துக்கு வந்த நத்தானியல் ஹிகின்சனும் நியூ இங்கிலாந்தில் பிறந்தவர். மதராஸின் அடுத்தடுத்த இரண்டு ஆளுநர்கள் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள் என்பதை நம் பள்ளிப் புத்தகங்கள் எதிலும் நான் பார்த்ததில்லை.

1690இல் செஞ்சியில் இருந்த மராட்டிய ராஜாராமிடமிருந்து கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை உள்ள நிலமும் விலையில் சேர்த்தி. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கோட்டைக்கு வைத்த பெயர் புனித டேவிட். வேல்ஸின் காவல் புனிதர் அவர். எலிஹூவின் வெல்ஷ் பற்றுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எலிஹூவின் தகப்பன் பெயர் டேவிட். மகன் பெயரும் டேவிட். கேத்தரினுக்கும் அவருக்கும் பிறந்த அந்த ஒரே மகன் 1688 தொடக்கத்தில் நான்கு வயதுகூட நிறையாமல் மதராஸில் இறந்திருந்தான். பழைய வழக்கப்படி அவன் ‘டேவிட் ஆப் எலிஹூ ஆப் டேவிட்’.

சிறுவனைத் தாயின் முதல் கணவர் ஹின்மர்ஸின் கல்லறையிலேயே புதைத்தார்கள். பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூர்ங்கோபுரம் போல் நிற்கிறது அது. பிரெஞ்சுக்காரர்களின் 1758–59 முற்றுகைக்குப் பின் அந்த இடுகாட்டின் மற்றக் கற்களை அகற்றிவிட்டார்கள்; இதுவும் இன்னொன்றும் மட்டும் தப்பின. இது இங்கே இருக்கத்தான் வேண்டுமா என்பது 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காகவும் வந்தது. எலிஹூவின் வழியில் யேல் என்ற பெயரை எடுத்துச்செல்ல இருந்த கடைசி ஆண்பிள்ளை அந்தக் கல்லுக்கடியில் இருக்கிறான். பிறகு இருந்தவர்கள் மூன்று மகள்கள். மணமான இருவரில் ஒருத்தி நார்த் ஆனாள், ஒருத்தி கேவண்டிஷ் ஆனாள்.

துணிக்கு விற்ற பெயர்

1699இல் லண்டன் திரும்பிய எலிஹூவைப் பற்றி நியூ இங்கிலாந்தில் பலருக்குத் தெரிந்திருந்தது: பெரும் பணக்காரர், ஆண் வாரிசு இல்லாதவர். நியூ ஹேவனில் தவித்துக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரிக்காக பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் 1718இல் அவருக்குக் கடிதம் எழுதினார். கல்லூரிக்கு உங்கள் பெயர் வைத்தால் அது எகிப்தியப் பிரமிடைவிட மேலான நினைவுச்சின்னமாகும் என்ற பொருளில் குழைந்து எழுதியிருந்தார். மகனை மதராஸில் ஒரு கூர்ங்கோபுரத்தின் கீழ் புதைத்துவிட்டு வந்தவரிடம் போய்ப் பிரமிடைப் பற்றிப் பேசியது தற்செயல்தான்.

எலிஹூ அனுப்பியது ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம். சரக்கில் காலிகோ, மஸ்லின் துணிகள் இருந்தன. விற்றதில் கிடைத்தது 562 பவுண்டு. கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்தார்கள். கொடைகளின் வரலாற்றில் இதைவிட மலிவாக ஒருவர் நிலையான புகழை வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

பெயரைத் தேடுகிறவர்கள் இங்கே இரண்டாம் முறை தடுக்கி விழுவார்கள். அமெரிக்க யேல்கள் தங்களை எலிஹூவின் வம்சம் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அவர்கள் நியூ ஹேவனில் தங்கிய சித்தப்பா தாமஸின் வம்சம். தாமஸின் பிள்ளைகள் 1670இல் உருவான வாலிங்ஃபோர்டுக்கும், அங்கிருந்து மெரிடனுக்கும் பரவினார்கள். பின்பு நியூயார்க், அதற்கு மேற்கே இன்னும் பல மாநிலங்கள். 1908இல் அச்சான விரிவான குடும்ப வரலாறு, நடு அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலிருந்து வந்தது என்பதே அவர்கள் நடந்த தூரத்தைக் காட்டும்.

அந்த வழியில் 1821இல் பிறந்த லைனஸ் யேல், தகப்பனைப் போலவே பூட்டுத் தொழிலுக்கு வந்தார். தட்டைச் சாவியால் சிறு ஊசிகளை வெவ்வேறு உயரத்துக்குத் தூக்கித் திறக்கும் உருளைப் பூட்டுக்கு 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்றார். 1868இல் ஹென்றி டவுனுடன் சேர்ந்து கனெடிகட்டின் ஸ்டாம்ஃபோர்டில் ஆலை தொடங்கினார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இறந்துபோனார். யால் மேட்டின் பெயர் உலகெங்கும் வீட்டுக் கதவுகளில் பொறிக்கப்பட்டது பல்கலைக்கழகத்தால் அல்ல, இந்தப் பூட்டால்.

ரெக்ஸம்

எலிஹூ 1721இல் லண்டனில் இறந்தார். உடலை ரெக்ஸம் கொண்டுவந்து புனித ஜைல்ஸ் தேவாலய முற்றத்தில் புதைத்தார்கள். கல்லறைப் பாட்டு, குடியேற்ற வரலாறு எழுதுகிறவனுக்குக் கிடைத்த வரம்: அமெரிக்காவில் பிறந்தான், ஐரோப்பாவில் வளர்ந்தான், ஆப்பிரிக்காவில் பயணித்தான், ஆசியாவில் மணந்தான், அங்கே நெடுநாள் வாழ்ந்து செழித்தான், லண்டனில் இறந்தான். நன்மை நிறையவும் தீமை கொஞ்சமும் செய்தான்; கணக்கு நேராகிவிடும் என்று நம்புவோம்.

மூன்று கண்டங்களைத் தனித்தனியாகச் சொல்லி, நான்காவதையும் சொல்லி, லண்டனையும் சொன்ன அந்த வரிகள், கல் நிற்கும் மண்ணின் பெயரைச் சொல்லவில்லை. வேல்ஸ் ‘ஐரோப்பா’வுக்குள் அடங்கிவிட்டது. வேல்ஸைச் சொல்லத் தேவையில்லை என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அந்தக் குடும்பப்பெயரே வேல்ஸில் ஓர் இடம்தானே.

பிளாஸ் கிரோனோ வீடு இப்போது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். ரெக்ஸம் தேவாலயக் கோபுரத்தின் நகல் ஒன்று நியூ ஹேவனில் யேல் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. ரெக்ஸத்தில் எலிஹூ யேல் என்ற பெயரில் ஒரு மதுவிடுதி உண்டு. ஊரில் யேல் கல்லூரி என்றும் ஒன்று இருந்தது. 2013இல் வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டது. வேல்ஸில் பெயர்ப்பலகைகள் இரு மொழிகளில் எழுதப்படும். ஆங்கிலத்தில் அது யேல் கல்லூரி. வெல்ஷில் கோலெக் யால்.